ரிலாக்ஸர் போட்ட முடி: எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் வறட்சி போகவில்லையே?

தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். என் முடி நல்ல சுருட்டை. ரிலாக்ஸர் போட்டு நேராக்கியிருக்கிறேன். ஆரம்பத்தில் வழவழவென்று இருந்தது. போகப்போக நடுவிலிருந்து நுனி வரை சொரசொரப்பாகிவிட்டது. சீப்பை எடுத்தாலே தோளிலும் தரையிலும் குட்டிக் குட்டித் துண்டுகள். தினமும் எண்ணெய் தடவுகிறேன். தடவிய கொஞ்ச நேரம் பளபளப்பாக இருக்கிறது, அப்புறம் மேலே பிசுக்கும் உள்ளே அதே வறட்சியும்தான்.

பார்லரில் கேட்டால், "நுனி வரைக்கும் இன்னொரு தடவை ரிலாக்ஸர் போட்டால் படிந்துவிடும்" என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. போடலாமா? இந்த வறட்சிக்கு வேறு என்னதான் செய்வது?

அடர்கூந்தல்:

எண்ணெய் அளவு போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. ரிலாக்ஸர் முடியில் இருக்கும் இயற்கை எண்ணெயை எல்லாம் இழுத்துவிடும். ராத்திரி நன்றாக ஊற வைத்துக் காலையில் ஷாம்பு போடுங்கள். வாரத்துக்கு மூன்று முறையாவது செய்தால் மெதுவாகச் சரியாகும்.

கத்தரிக்கோல்:

தூறல், முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நுனி வரை மறுபடி போடவே போடாதீர்கள். ஏற்கெனவே ரிலாக்ஸ் ஆன முடியில் இன்னொரு முறை அதே மருந்து ஏறினால் நேராக்குவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை, உடைப்பதற்குத்தான் இருக்கிறது. நான் தலைமுடி வேலையிலேயே இருப்பவள். இந்த ஒரு காரணத்தால் தோள் வரை இருந்த முடி காது வரை வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சில கேள்விகள். விழும் துண்டுகளின் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன முடிச்சு இருக்கிறதா? ரிலாக்ஸர் ஒரே டப்பாவில் தயாராக வந்ததா, இரண்டைக் கலந்து போட்டார்களா? உங்கள் தண்ணீர் எப்படி, வாளியில் வெள்ளைப் படிவு வருமா? ஸ்ட்ரெய்ட்னர் பிடிக்கிறீர்களா?

தூறல்:

நன்றி அக்கா. வெள்ளை முடிச்சு இல்லை, இரண்டு பக்கமும் வெட்டினாற்போலத்தான் இருக்கிறது. க்ரீமில் ஒரு திரவத்தை ஊற்றிக் கலக்கித்தான் போட்டார்கள். அட்டையில் "நோ லை" என்று இருந்தது. தண்ணீர் உப்புதான், குழாயிலும் வாளியிலும் வெள்ளையாகப் படியும். ஸ்ட்ரெய்ட்னர் தினமும் காலையில். அவசரத்தில் சில நாள் முடி முழுதாகக் காய்ந்திருக்காது.

கத்தரிக்கோல்:

அப்படியென்றால் இது வேரோடு கொட்டுவது இல்லை, நடுவில் ஒடிவது. வெள்ளை முடிச்சு இருந்தால்தான் அது வேரிலிருந்து வந்த முடி. ஒடிவதை நிறுத்த முடியும், கவலைப்படாதீர்கள். மூலக்கூறு இதைப் படித்தால், அந்த நோ லை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள். அதற்கப்புறம் குளிக்கும் முறையை நான் எழுதுகிறேன்.

மூலக்கூறு:

சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, சுருட்டை முடியின் வளைவைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பவை டைசல்ஃபைடு பிணைப்புகள், அதாவது இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்த பிணைப்பு. ரிலாக்ஸரில் இருப்பது ஹைட்ராக்சைடு. 'லை' வகை என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு. 'நோ லை' வகையில் பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடு க்ரீமும் குவானிடின் கார்பனேட் திரவமும் கலந்து அங்கேயே குவானிடின் ஹைட்ராக்சைடு உண்டாகும். எதுவானாலும் பிஎச் என்ற அமில-கார அளவில் 12க்கு மேலேதான், அதாவது கடுமையான காரம். இது அந்த இரட்டைக் கந்தகத்தில் ஒன்றை நீக்கி, லாந்தியோனின் என்ற வேறொரு பிணைப்பாக மாற்றிவிடுகிறது. திரும்ப வராத மாற்றம் அது. அதனால்தான் ரிலாக்ஸ் செய்த முடி கழுவினாலும் சுருளாது.

வறட்சிக்கான காரணம் இதற்கு வெளியே, முடியின் மேல்தோலில் இருக்கிறது. முடியின் மேல் ஓட்டுக்கூரை மாதிரி செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அந்தச் செதில்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழுப்புப் படலம் உண்டு. 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்று பெயர், சுருக்கமாக 18-எம்ஈஏ. நாம் தடவும் எண்ணெய் போல மேலே சும்மா ஒட்டியிருப்பதில்லை, புரதத்தோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்திருக்கிறது. முடி தண்ணீரை விலக்குவதும், ஒரு முடி இன்னொன்றின் மேல் உரசாமல் வழுக்கிப் போவதும் இதனால்தான். கடுமையான காரம் இந்தப் பிணைப்பை அறுத்துவிடும். முடி உயிரில்லாத இழை என்பதால் போன படலம் அந்த நீளத்தில் மறுபடி வளராது. வேரிலிருந்து புதிதாக வரும் முடியில்தான் இருக்கும்.

படலம் போனபின் முடி தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும், உப்பும், அப்புறம் சட்டென்று விட்டுவிடும். செதில்கள் தூக்கிக்கொள்ளும், ஒன்றோடொன்று உரசும், சிக்கும். கைக்கு வறட்சியாகத் தெரிவது பெரும்பாலும் இந்த உரசல்தான். இப்படிப்பட்ட முடிக்குள் உண்மையில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல முடியை விட இது அதிகமாகவே உறிஞ்சக்கூடும். எண்ணெய் ஊற்றியும் சரியாகாதது அதனால்தான். இதற்குத் தேவை, போன படலத்தின் இடத்தில் உட்கார்ந்து உரசலைக் குறைக்கும் ஒரு பொருள். கண்டிஷனரின் வேலை அதுதான்.

சேதமான முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். கண்டிஷனரில் இருக்கும் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின்னூட்டம் கொண்டவை. எங்கே சேதம் அதிகமோ அங்கேதான் போய் அதிகமாக ஒட்டும். அமோடைமெத்திகோன் என்ற சிலிகோனும் அப்படித்தான். லேபிளில் செட்டில் ஆல்கஹால், செட்டெரில் ஆல்கஹால் என்று பார்த்து, "ஆல்கஹால் முடியை வறட்டும்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். இவை மெழுகு போன்ற கொழுப்பு ஆல்கஹால்கள், மிருதுவாக்கத்தான் சேர்க்கிறார்கள்.

இனி நோ லை. அந்தக் கலவையில் குவானிடின் ஹைட்ராக்சைடு உண்டாகும்போதே கால்சியம் கார்பனேட்டும் உண்டாகிறது. தலைத்தோலுக்கு இந்த வகை லையை விட இதமானது என்பது உண்மைதான். ஆனால் கால்சியம் முடியில் தங்கிவிடும். உங்கள் வாளியில் படியும் வெள்ளைப் படிவும் பெரும்பாலும் இதே கால்சியம் கார்பனேட்தான். ஆக, தூறல், ரிலாக்ஸரிலிருந்து ஒரு பங்கு, தண்ணீரிலிருந்து ஒரு பங்கு என்று இரண்டு வழியிலும் உங்கள் முடியில் சுண்ணாம்பு ஏறிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் எண்ணெய் வைத்தால் மங்கலும் பிசுக்கும்தான் மிஞ்சும்.

அடர்கூந்தல்:

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணெயே வேண்டாம் என்கிறீர்களா? தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கும் என்று ஆராய்ச்சியே இருக்கிறதே.

மூலக்கூறு:

இருக்கிறது, நல்ல ஆராய்ச்சி. 2003ல் வெளிவந்தது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் இருக்கும் லாரிக் அமிலத்தின் சங்கிலி சிறியது, நேரானது, அதனால் இழைக்குள் நுழைகிறது. உள்ளே போனபின் தண்ணீர் ஏறி முடி உப்புவதையும் குறைக்கிறது.

ஆனால் எப்போது தடவுவது என்று பாருங்கள். குளிக்கும் முன் கொஞ்சமாகத் தடவினால் அந்தக் குளியலில் நடக்கும் சேதம் குறையும். அது பாதுகாப்பு. காய்ந்து சொரசொரப்பான முடியில் தினமும் தடவுவது ஈரப்பதம் தருவதாகாது, எண்ணெயில் தண்ணீரே கிடையாது. அப்புறம் அந்த எண்ணெயை எடுக்கக் கடுமையான ஷாம்பு தேவைப்படும், அது இன்னும் உரசும். வாரத்துக்கு மூன்று முறை ராத்திரி முழுக்க ஊற வைத்துக் காலையில் தேய்த்துக் கழுவுவது ரிலாக்ஸ் செய்த முடிக்கு நல்லதில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அடர்கூந்தல்:

சரி, குளிக்கும் முன் கொஞ்சமாக என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் முடி ரிலாக்ஸ் செய்யாதது, அதனால் எனக்கு ஒத்துப்போகிறது போல.

கத்தரிக்கோல்:

இப்போது குளிக்கும் முறை. தூறலுக்காக எழுதுகிறேன், மற்றவர்கள் தங்கள் முடிக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் குளியலில் கிலேட்டிங் ஷாம்பு. லேபிளில் அந்தச் சொல்லோ, கடினநீர்ப் படிவை நீக்கும் என்றோ எழுதியிருக்கும். பொருள் பட்டியலில் டெட்ராசோடியம் இடிடிஏ அல்லது சோடியம் ஃபைட்டேட் முன்பக்கமாக இருக்கும். கடைசி வரியில் கொஞ்சமாக இடிடிஏ பல சாதாரண ஷாம்புகளிலும் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இந்த ஒரு குளியலிலேயே முடி இலேசானது போலத் தெரியும். ஆனால் படிவு போனதும் முடி வெறுமையாக நிற்கும், கண்டிஷனர் இல்லாமல் அன்றைக்கு வெளியே வரக் கூடாது. பிறகு மாதத்துக்கு ஒரு முறை போதும். உங்கள் தண்ணீருக்கு வேண்டுமானால் இரண்டு முறை. ரிலாக்ஸர் போட்ட ஒவ்வொரு தடவைக்கும் பின்னால் கட்டாயம் ஒன்று.

மற்ற நாட்களில் நுரை குறைவான, பிஎச் 5.5ஐத் தாண்டாத ஷாம்பு. தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்த்தால் போதும். வழிந்து இறங்கும் நுரையே நீளத்தைச் சுத்தம் செய்துவிடும். முடியை உச்சியில் குவித்துக் கசக்குவதுதான் பாதி சிக்கலுக்குக் காரணம்.

கண்டிஷனரைத் தாராளமாக, காதுக்குக் கீழே தொடங்கி நுனி வரை தடவுங்கள். அது இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிச் சிக்கெடுங்கள். ஈரமான முடி இழுபட்டு நீளும், ரிலாக்ஸ் செய்தது இன்னும் பலவீனம். அந்த வழுவழுப்பு இல்லாமல் ஈரத்தில் சீப்புப் போடவே கூடாது. வாரம் ஒரு முறை கண்டிஷனருக்குப் பதில் மாஸ்க் போட்டு, தலையை மூடிக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேல் வைப்பதால் பெரிய லாபம் எதுவும் இல்லை.

துண்டால் துவட்டாதீர்கள், பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள். முடி ஈரமாக இருக்கும்போதே அலசத் தேவையில்லாத லீவ்-இன் கண்டிஷனர் கொஞ்சம். அதற்கு மேல் நுனியில் மட்டும் ஓரிரு சொட்டு எண்ணெயோ சீரமோ. எண்ணெய்க்கு இங்கேயும் இடம் இருக்கிறது, ஆனால் கடைசியாக.

ஸ்ட்ரெய்ட்னரைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஈர முடியில் சூடான தகடு பட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழியாக விரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் இழைக்குள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். தோல் மருத்துவத்தில் இதற்குக் குமிழ் முடி என்றே பெயர் இருக்கிறது. அந்த இடத்தில் முடி ஒடிந்தே தீரும், எந்த மாஸ்க்கும் அதை ஒட்டாது. உங்கள் துண்டுகளில் பாதி இதனால் வந்தவையாக இருக்கலாம். முடி ஏற்கெனவே நேராகிவிட்டது, தினமும் அயர்ன் எதற்கு? கொஞ்ச நாள் முழுதாக நிறுத்துங்கள். பிறகு விசேஷத்துக்கு வேண்டுமென்றால் முழுக்கக் காய்ந்த முடியில், வெப்பப் பாதுகாப்புத் திரவம் போட்டு, 180 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், ஒரு கற்றைக்கு ஒரு இழுப்பு மட்டும்.

நுனி பிளந்திருந்தால் வெட்டிவிடுங்கள். கொஞ்சம் மனசு வலிக்கும், ஆனால் பிளவு அப்படியே விட்டால் மேலே ஏறும்.

தூறல்:

அக்கா, மூலக்கூறு, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கிலேட்டிங் ஷாம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு சந்தேகம். அதற்குப் பதில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றினால் சுண்ணாம்பு கரையாதா?

மூலக்கூறு:

கரையும், வேதியியல் சரிதான். ஆனால் எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 பக்கம். தலைத்தோலில் எரிச்சல், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். வினிகரை நிறையத் தண்ணீரில் கலந்து கடைசி அலசலுக்கு எப்போதாவது பயன்படுத்தலாம், செதில்களும் படியும். ஆனால் தலைத்தோலில் புண்ணோ எரிச்சலோ இருந்தால் வேண்டாம். சமையல் சோடா பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அது காரம், நாம் குறைக்கப் பார்ப்பதே காரத்தால் வந்த சேதத்தைத்தான்.

சுருளி:

புரதம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் கெரட்டின் மாஸ்க் வாராவாரம் போட்டேன். முதலில் அருமை, அப்புறம் முடி விறைத்துப்போய், மடக்கினால் ஒடிகிறது.

கத்தரிக்கோல்:

சுருளி, அளவு கூடிவிட்டது. நீராற்பகுத்த புரதம், அதாவது ஹைட்ரோலைஸ்டு கெரட்டின், கோதுமைப் புரதம், பட்டுப் புரதம் எல்லாம் முடியின் பலவீனமான இடங்களில் தற்காலிகமாக ஒட்டிக் கொஞ்சம் பலம் தரும். குளித்துக் குளித்துப் போய்விடும். தேவைக்கு மேல் ஏறினால் விறைப்பு வரும்.

என் கணக்கு இது. ஈரத்தில் ஒரு முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் தொய்ந்தால் புரதம் தேவை. நீளாமல் சட்டென்று ஒடிந்தால், கைக்கு முரடாக இருந்தால், புரதத்தை நிறுத்திவிட்டு வெறும் கண்டிஷனர் மட்டும் சில குளியல்களுக்கு. ரிலாக்ஸ் செய்த முடிக்கு மாதம் ஒரு முறை புரதம் பலருக்குப் போதுமானது. உங்கள் லீவ்-இன் லேபிளையும் பாருங்கள். அதிலும் புரதம் இருந்தால் இரண்டு மடங்காகிறது.

நீலவானம்:

நான் வேறு மாதிரி. என்னுடையது ரீபாண்டிங் செய்த முடி. வேரில் சுருட்டை வந்துவிட்டது. ரிலாக்ஸர் சீக்கிரம் வேலை செய்யும் என்று கேள்விப்பட்டேன். வேருக்கு அதைப் போடலாமா?

கத்தரிக்கோல்:

போடவே கூடாது, தயவுசெய்து.

மூலக்கூறு:

அக்கா சொன்னதற்குக் காரணம்: ரீபாண்டிங்கில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைக்கோலேட், பிஎச் 9 பக்கம். அது டைசல்ஃபைடு பிணைப்பைத் திறக்கும், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு நியூட்ரலைசர் அதை மறுபடி மூடும். ரிலாக்ஸரின் வழி முற்றிலும் வேறு. இரண்டும் ஒரே முடியில் சந்தித்தால் முடி தாங்காது. வேருக்கு மட்டும் என்று போட்டாலும் சேரும் இடத்தில் கொஞ்சமாவது ஏறும், அங்கேயே அறுந்துபோகும். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே தொடருங்கள், இல்லையென்றால் பழையது முழுக்க வளர்ந்து வெட்டும்வரை காத்திருங்கள். ப்ளீச் செய்த முடிக்கும் ரிலாக்ஸர் ஆகாது. நிறம் வேண்டுமென்றால் அம்மோனியா, பெராக்சைடு இல்லாத தற்காலிக வகை, அதுவும் ரிலாக்ஸர் போட்டு இரண்டு வாரமாவது கழித்து.

தூறல்:

அப்படியென்றால் எனக்கு டச்-அப், அதாவது வேரில் புதிதாக வளர்ந்த முடிக்கு மட்டும் ரிலாக்ஸர் போடுவது, எப்போது? எப்படிச் செய்யச் சொல்ல வேண்டும்?

கத்தரிக்கோல்:

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். 8 முதல் 12 வாரம் விட்டால்தான் பழைய முடியைத் தொடாமல் புதிய வளர்ச்சியில் மட்டும் மருந்து வைக்க இடம் கிடைக்கும். உங்களுக்கு இப்போது ஒடிவது நிற்கும்வரை டச்-அப்பே வேண்டாம், 12 வாரத்துக்கு மேலானாலும் பரவாயில்லை.

போகும்போது இரண்டு மூன்று நாளுக்கு முன்பிருந்தே தலைக்குக் குளிக்காதீர்கள், சொறியாதீர்கள். நகக் கீறல் இருந்தால் அங்கே எரியும். நெற்றி ஓரம், காது, கழுத்து, தலைத்தோல் எங்கும் பெட்ரோலியம் ஜெல்லி. பழைய நீளம் முழுக்கவும் அதையோ கெட்டியான கண்டிஷனரையோ பூசச் சொல்லுங்கள், வழியும் மருந்து ஏறாது. மருந்து புதிய வளர்ச்சியில் மட்டும். அலசும்போது வழிவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தலையைச் சாய்த்து நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். அட்டையில் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். எரிந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே கழுவச் சொல்லுங்கள். "கொஞ்சம் எரிந்தால்தான் நேராகும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கொப்புளமோ புண்ணோ வந்தால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள், அந்த இடத்தில் முடி நிரந்தரமாகப் போகவும் வாய்ப்புண்டு.

கடைசியில் நியூட்ரலைசிங் ஷாம்பு, அதாவது மிச்சமிருக்கும் காரத்தை முறிப்பது. காரம் மிச்சமிருந்தால் நுரை நிறம் காட்டும் வகை உண்டு, இளஞ்சிவப்பாக வரும். நுரை வெள்ளையாகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். முடி அவசரமாக அலசப்பட்டு, காரம் உள்ளேயே தங்கி, நாள்கணக்கில் மெல்ல மெல்லச் சேதமாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அலசும்போதே நுரை என்ன நிறம் என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மழைமேகம்:

இந்த உரையாடல் முழுக்கப் படித்தேன், ரொம்பப் பயனுள்ளது. உடல்நலம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2022ல் வெளியானது. முடி நேராக்கும் ரசாயனங்களை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 விழுக்காடு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 என்று கணக்கிட்டார்கள். ரசாயனம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, எந்தப் பொருள் என்றும் சொல்லவில்லை. ஆனாலும் டச்-அப் இடைவெளியை நீட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

கத்தரிக்கோல்:

நல்லவேளை சொன்னீர்கள். கையுறை போடுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது, இதெல்லாம் போடுபவருக்கும் சேர்த்துத்தான்.

சுருளி:

இன்னும் ஒன்று. நான் ரிலாக்ஸரையே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். வேரில் சுருட்டை, கீழே நேர். இரண்டும் சேரும் இடத்தில்தான் ஒடிகிறது. ஒரேயடியாக வெட்டவும் மனமில்லை.

கத்தரிக்கோல்:

அந்த எல்லைக்கோடுதான் முழு முடியிலும் பலவீனமான இடம். அங்கே இழுப்பு விழாமல் பார்த்துக்கொண்டால் வெட்டாமலே ஓட்டலாம். இறுக்கிய போனிடெயில், ரப்பர் பேண்ட் வேண்டாம். தளர்வான பின்னல், பின்னலை ஒரே இடத்தில் தொடங்காமல் மாற்றி மாற்றி. தலையணை உறை சாட்டினாக இருக்கட்டும், பருத்தியில் ராத்திரி முழுக்க உரசும். சிக்கெடுக்கும்போது எல்லைக்கோட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே மட்டும் சீப்பு விடுங்கள். மேலே இருக்கும் சுருளை விரலால் பிரித்தால் போதும். நீந்தப் போனால் முன்னாலேயே நல்ல தண்ணீரில் நனைத்து, கண்டிஷனர் பூசித் தொப்பி போடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும்.

கீழே இருக்கும் நேர் முடியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 2 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிக்கொண்டே வாருங்கள். வளரும் அளவும் வெட்டும் அளவும் ஏறக்குறைய ஒன்று என்பதால் நீளம் குறைந்தது போலத் தெரியாது.